ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தியதும் அம்மா ஏன் சாய்ந்துவிட்டார்?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு 61 வயது. மூட்டு வலிக்காக மூன்று வருடமாகத் தினமும் பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். முகம் உப்பிக்கொண்டே போகிறது, சுகர் ஏறுகிறது என்று பயந்து ஒரே நாளில் நிறுத்திவிட்டீர்கள். பத்தாம் நாள் சாதாரணக் காய்ச்சல் வந்தது. அதிலேயே வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிரஷர் 80, சோடியம் 122. "தலையில் இருக்கும் பிட்யூட்டரி தூங்கிவிட்டது, அதனால் அட்ரினல் வேலை செய்யவில்லை" என்று சொன்னார்கள். வயிற்றுக்குப் போன மாத்திரை தலைக்குள் இருக்கும் சுரப்பியை எப்படித் தூங்க வைக்கும் என்பது உங்கள் முதல் கேள்வி. வீட்டில் இருந்த மன உளைச்சல்தான் அட்ரினலைத் தேய்த்துவிட்டது என்று உறவினர் ஒருவர் சொன்னாராம், அது சரியா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பின்னால், நான் நிறுத்தியதால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனதா, அவர் பழையபடி ஆவாரா என்ற கேள்வியும் இருக்கிறது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் பார்க்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதே கதையோடு எத்தனையோ பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில், மூக்கின் வேருக்கு நேர் பின்னால், எலும்பில் ஒரு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கும் பட்டாணி அளவு சுரப்பி. எடை சுமார் அரை கிராம். அட்ரினல் இரண்டு. இரு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போலக் கவிழ்ந்திருக்கும், ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம். ஒன்று தலையில், மற்றொன்று விலாவுக்குக் கீழே. இடையில் நரம்பு இணைப்பு எதுவும் கிடையாது. பிட்யூட்டரி தன் சேதியை ரத்தத்தில் விடுகிறது. அந்தச் சேதிக்கு ஏ.சி.டி.எச். என்று பெயர். 39 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிடங்கள்தான். அதற்குள் அது அட்ரினலின் மேலோட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்குள்ள செல்கள் கொழுப்பை எடுத்துக் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செய்ய ஆரம்பிக்கும். அட்ரினல் கார்டிசாலைச் செய்து சேர்த்து வைப்பதில்லை. கேட்கும்போதுதான் செய்யும், செய்ததை அப்போதே ரத்தத்தில் விட்டுவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு நடந்தது இங்கிருந்துதான் புரியும்.

பிட்யூட்டரிக்கு மேலே இன்னொரு அதிகாரி இருக்கிறார், மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலாமஸ். பிட்யூட்டரியைத் தூண்டும் பொருள் ஒன்று அங்கிருந்து வருகிறது என்று 1955இலேயே ஆய்வகத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் அது என்ன பொருள் என்று பிரித்தெடுத்துச் சொல்ல 1981 வரை ஆனது. வைலி வேல் என்பவரின் குழு ஆடுகளின் மூளையிலிருந்து அதை எடுத்தது. சி.ஆர்.எச். என்கிறோம். ஹைபோதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்கு மட்டும் போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் உண்டு. சி.ஆர்.எச். அந்தக் குறுக்கு வழியில் நேராகப் போய்ச் சேர்கிறது. காய்ச்சல், ரத்தப்போக்கு, அடிபடுதல், பட்டினி, பயம் என்று எது வந்தாலும் சேதி ஹைபோதலாமஸுக்குப் போகும். அங்கிருந்து சி.ஆர்.எச்., பிட்யூட்டரியிலிருந்து ஏ.சி.டி.எச்., அட்ரினலிலிருந்து கார்டிசால். சில நிமிடங்களில் ஆரம்பித்து அரை மணிக்குள் கார்டிசால் நன்றாக ஏறியிருக்கும்.

ஏறியதை இறக்க வேண்டுமே. அந்த வேலையையும் கார்டிசாலே செய்கிறது. ரத்தத்தோடு மேலே போய் ஹைபோதலாமஸையும் பிட்யூட்டரியையும் தொட்டு, "போதும்" என்கிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுபோகும் அமைப்பைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மிதக்கும் பந்துக்குத் தண்ணீர் மட்டம் மட்டும்தான் தெரியும், அது போர் தண்ணீரா லாரித் தண்ணீரா என்று தெரியாது. பிட்யூட்டரியும் அப்படித்தான். உங்கள் அம்மா விழுங்கிய பிரெட்னிசோலோன் கார்டிசாலின் நெருங்கிய உறவு. குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து தலைக்குப் போனதும், கார்டிசால் நிறைய இருக்கிறது என்றே பிட்யூட்டரி எடுத்துக்கொள்கிறது. உடம்பின் ஒரு நாள் தேவைக்குச் சுமார் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் போதும். அம்மா எடுத்தது 10. அதாவது தொட்டி மூன்று வருடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, மோட்டாரைப் போட அவசியமே வரவில்லை.

சரி, மாத்திரையை நிறுத்தியதும் மோட்டார் ஓட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். உயிருள்ள சுரப்பிக்கும் மோட்டாருக்கும் வித்தியாசம் இங்கேதான். ஏ.சி.டி.எச். அட்ரினலுக்கு வேலை சொல்வதோடு நிற்பதில்லை, அதை ஊட்டி வளர்ப்பதும் அதுதான். ஏ.சி.டி.எச். வராமல் மாதக்கணக்கில் போனால் கார்டிசால் செய்யும் அடுக்கு மெலிந்து சுருங்கிவிடும். மேலே பிட்யூட்டரியும் ஏ.சி.டி.எச். செய்யும் பழக்கத்தை விட்டிருக்கும். இரண்டும் ஒரே நாளில் எழுந்து உட்காராது. மருத்துவ உலகம் இதைக் கண்முன்னே பார்த்துதான் கற்றுக்கொண்டது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டார்கள். படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1952க்குள் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. கார்டிசோன் எடுத்து வந்த நோயாளி ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிரஷர் விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால் அட்ரினல் சுருங்கிக் கிடந்தது. நீண்ட நாள் ஸ்டீராய்டை யாருக்கும் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று இன்று நாங்கள் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அம்மாவுக்கு வந்த ஒவ்வொரு தொந்தரவையும் இனி இதோடு பொருத்திப் பார்க்கலாம். ரத்தக் குழாய்கள் இறுகிப் பிரஷரைத் தாங்க, அட்ரினலின் என்ற ஹார்மோன் போன்ற பொருள்கள் வேண்டும். ஆனால் கார்டிசால் பின்னால் நின்றால்தான் குழாய்கள் அந்தப் பொருள்களின் பேச்சைக் கேட்கும். அது இல்லாததால் பிரஷர் விழுந்தது. சோடியம் 122க்குப் போனதைப் பார்த்து, உணவில் உப்பு குறைந்துவிட்டது என்று வீட்டில் நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஒரு ஹார்மோனைக் கார்டிசால்தான் வழக்கமாக அடக்கி வைத்திருக்கும். கார்டிசால் போனதும் அந்த ஹார்மோன் தன் போக்கில் வேலை செய்து தண்ணீரைத் தேக்கிவிட்டது, இருக்கும் உப்பு நீர்த்துப் போயிற்று. சாதாரண நாளில் ஓரளவு சமாளித்துக்கொண்டிருந்த உடம்புக்குக் காய்ச்சல் வந்ததும், கார்டிசால் பல மடங்கு ஏற வேண்டிய நேரத்தில், ஏற ஒன்றுமே இல்லை. பத்து நாள் ஒன்றும் ஆகாமல் இருந்து, காய்ச்சல் வந்த அன்று சாய்ந்தது அதனால்தான்.

உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம். நிறுத்தியதுதான் இதைக் கிளப்பியது என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்த மாத்திரையை இப்படி நிறுத்தக் கூடாது என்று கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் சாப்பிடுவது ஸ்டீராய்டு என்றே தெரியாது. ஒரு பாட்டி மஞ்சப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார். உள்ளே வெள்ளையில் இரண்டு, மஞ்சளில் ஒன்று, பச்சையில் பாதி. அட்டை இல்லை, பேரும் இல்லை. "வலிக்கு மெடிக்கல்ல குடுத்ததுப்பா" என்றார். கையைப் பிடித்துப் பார்த்தேன். தோல் காகிதம் போல மெலிந்து, லேசாக இடித்த இடமெல்லாம் நீலமாகக் கன்றியிருந்தது. முகம் வட்டமாக, கைகால் குச்சியாக. பொட்டலத்தில் என்ன இருந்தது என்பதை அந்தத் தோலே சொல்லிவிட்டது. மாத்திரை மட்டும்தான் இப்படிச் செய்யும் என்றும் நினைக்காதீர்கள். முட்டிக்குள் திரும்பத் திரும்பப் போடும் ஊசி, வருடக்கணக்கில் பூசும் வலுவான ஸ்டீராய்டு களிம்பு, அதிக அளவில் இழுக்கும் வீசிங் மருந்து, மூலிகை என்று விற்கும் சில பொடிகளில் சொல்லாமல் கலந்திருப்பது, எல்லாமே பிட்யூட்டரியைத் தூங்க வைக்கக் கூடியவை.

ஆனால் ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே பயப்படவும் தேவையில்லை. மூன்று நான்கு வாரத்துக்குள் முடியும் சிகிச்சை என்றால் படிப்படியாகக் குறைக்காமலே நிறுத்தலாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். கொரோனா நேரத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்ஸாமெதசோன் 6 மில்லிகிராம் பத்து நாள் வரை கொடுத்து அப்படியே நிறுத்தினோம். பல உயிர்கள் அதனால் பிழைத்தன.

உறவினர் சொன்ன மன உளைச்சல் விஷயத்துக்கு வருகிறேன். இதில் உறுதியாகத் தெரிந்ததும் இருக்கிறது, இன்னும் தெளியாததும் இருக்கிறது. மன அழுத்தத்தில் கார்டிசால் ஏறும் என்பது உறுதி. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவாக்கிய ஒரு சோதனை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும், அப்புறம் மனக்கணக்காக எண்களைக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. பெரும்பாலோருக்கு எச்சிலில் கார்டிசால் தெளிவாக ஏறும். பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வும், நிலைமை நம் கையில் இல்லை என்ற உணர்வும் சேரும்போதுதான் அது அதிகம் ஏறுகிறது என்று பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. மாமியார் வீட்டில் முதல் சமையலை எல்லார் முன்னாலும் பரிமாறியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இன்னொன்றும் உறுதி. திடீரென்று நாய் குரைத்தால் நெஞ்சு படபடக்கிறதே, அது பிட்யூட்டரியின் வேலை இல்லை. அட்ரினல் சுரப்பியின் நடுப்பகுதிக்கு நரம்பு வழியாக நேரடி உத்தரவு போய் அங்கிருந்து வரும் அட்ரினலின் ஹார்மோன் அது. நொடிகளில் வரும். கார்டிசால் அதற்குப் பின்னால் நிதானமாக வருவது.

நீண்ட கால உளைச்சலில் என்ன ஆகிறது என்பதில்தான் தெளிவில்லை. சிலருக்குக் கார்டிசால் நாள் முழுக்க ஏறியே இருக்கிறது. பெரிய விபத்தையோ போரையோ பார்த்து மனம் உடைந்தவர்களில் சிலருக்குக் குறைவாகவே இருக்கிறது. காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழும் அந்த ஏற்ற இறக்கம் சிலருக்கு மழுங்கிப் போகிறது. உளைச்சல் எப்படிப்பட்டது, தொடங்கி எத்தனை நாள் ஆனது என்பதைப் பொறுத்து ஆய்வுகள் வேறு வேறு பதில் தருகின்றன. ஆனால் உளைச்சலால் அட்ரினல் களைத்துத் தேய்ந்துபோகும் என்று இணையத்தில் விற்கிறார்களே, அந்த 'அட்ரினல் களைப்பு' நோய்க்கு ஆதாரம் இல்லை. 2016இல் 58 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு பெரிய அலசல் அப்படி ஒரு நோய் இல்லை என்றே முடித்தது. களைப்பு உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று அதற்கு நூறு காரணம் இருக்கலாம். உங்கள் அம்மாவின் அட்ரினலை வீட்டுச் சண்டை தேய்க்கவில்லை. மூன்று வருட மாத்திரை ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

இருந்தாலும் என் முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தால் வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, உள்ளங்கையை விரிக்கச் சொல்வேன். அட்ரினலே நேரடியாகக் கெட்டுப்போனால், லண்டனில் தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த நோய் அது, பிட்யூட்டரி கத்திக் கத்தி ஏ.சி.டி.எச். விடும். தோலைக் கறுக்கச் செய்யும் ஹார்மோன் பிறப்பதும் ஏ.சி.டி.எச். வரும் அதே மூலப் புரதத்திலிருந்துதான். ஏ.சி.டி.எச். மிகுந்துபோனால் அதுவே தோலையும் கறுக்க வைக்கும். நம் நிறத்தில் முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். "வெயில்ல அலையறதால" என்று விட்டுவிடுவார்கள். உள்ளங்கை ரேகைகள் மைக்கோடு போட்டது போல இருக்கிறதா, ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கறுப்புத் திட்டு இருக்கிறதா, பழைய தழும்பு புதிதாகக் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய கல்யாண ஃபோட்டோ ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. நம் ஊரில் அடிசன் நோய்க்குக் காசநோய் இன்றும் ஒரு முக்கியக் காரணம். பிட்யூட்டரி தூங்கியவர்களுக்கு இந்தக் கறுப்பு வராது, பொட்டாசியமும் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஏனென்றால் உப்பையும் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொள்ளும் ஆல்டோஸ்டிரோனை முக்கியமாக ஆள்வது சிறுநீரகம்தான், பிட்யூட்டரி இல்லை.

இரண்டாவது, பழைய கதை கேட்பேன். பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போய், அதற்குப் பிறகு பால் சுரக்கவில்லை, மாதவிடாயும் திரும்பவில்லை என்றால் பிட்யூட்டரியே அன்று பட்டுப்போயிருக்கலாம். அப்புறம், கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவரா என்றும் கேட்பேன். அதன் விஷம் பிட்யூட்டரிக்குள் ரத்தத்தைக் கசியவோ உறையவோ வைத்து அதை அழித்துவிடக் கூடியது. பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இப்படி நடந்தது பதிவாகியிருக்கிறது. வயலில் கடிபட்டு, சிறுநீரகம் தேறி வீட்டுக்குப் போனவர் வருடங்கள் கழித்து மீசை தாடி உதிர்ந்து, சோர்ந்து, சோடியம் குறைந்து வருவார். பாம்புக் கடியையும் இதையும் யாரும் இணைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் எழுதியதில் இப்படி எதுவும் இல்லை, மூன்று வருட மாத்திரை தெளிவாக இருக்கிறது. ஆனாலும் அம்மாவிடம் ஒருமுறை கேட்டு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, திரும்ப வருமா? மாத்திரையால் தூங்கியது பெரும்பாலோருக்கு விழித்துவிடும். எத்தனை நாள் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். 1965இல் வந்த ஓர் ஆய்வு விழிப்பின் வரிசையை அழகாகக் காட்டியது. முதல் மாதம் மேலும் கீழும் இரண்டுமே அமைதி. அடுத்த சில மாதங்களில் பிட்யூட்டரி எழுந்து, வழக்கத்தைவிட உரக்க ஏ.சி.டி.எச். விடும், ஆனால் சுருங்கிய அட்ரினலால் பதில் சொல்ல முடியாது. ஆறேழு மாதத்துக்கு மேல் அட்ரினல் தேறும். இரண்டும் சமநிலைக்கு வர ஒன்பது மாதமோ அதற்கு மேலோ. ஒரு வருடம் தாண்டியும் தேறாதவர்களை நான் பார்த்திருக்கிறேன், நான்கே மாதத்தில் விடுபட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா இதில் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

இப்போது அவருக்கு ஹைட்ரோகார்டிசோன், அதாவது கார்டிசாலையே மாத்திரையாக, கொடுத்திருப்பார்கள், அல்லது 5 மில்லிகிராம் அளவில் பிரெட்னிசோலோனைத் திரும்ப ஆரம்பித்திருப்பார்கள். மறுபடி ஸ்டீராய்டா என்று பதற வேண்டாம். முன்பு எடுத்தது மருந்தளவு, இது உடம்பு தானே செய்துகொள்ள வேண்டிய அளவு. காலையில் எழுந்ததும் கொடுங்கள், உடம்பின் சொந்தக் கார்டிசாலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இரவில் கொடுத்தால் விடியற்காலையில் எழ வேண்டிய பிட்யூட்டரியை மறுபடி அமுக்கிவிடும். காய்ச்சல் வந்தால் அது தணியும்வரை அளவை இரட்டிப்பாக்கச் சொல்வது வழக்கம். அம்மாவுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது, ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி உடனே போட வேண்டும். பல் பிடுங்கப் போனாலும், கண்புரை ஆபரேஷனுக்குப் போனாலும், "ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்" என்பதை முதலில் சொல்லுங்கள். ஒரு சீட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அவர் பர்ஸில் வைத்துவிடுங்கள்.

சில மாதம் கழித்துக் காலை எட்டு மணிக் கார்டிசால் பார்ப்பார்கள். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். 5க்குக் கீழே என்றால் இன்னும் தூக்கம்தான், மாத்திரையைத் தொடர்ந்து சில மாதம் பொறுக்க வேண்டும். நடுவில் இருந்தால் காத்திருந்து மறுபடி பார்க்கலாம், அல்லது ஏ.சி.டி.எச். ஊசி போட்டு அட்ரினல் எழுகிறதா என்று சோதிக்கலாம். அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது எந்த மாத்திரையை எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் விட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஹைட்ரோகார்டிசோனைக் கார்டிசாலாகவே இயந்திரம் எண்ணிவிடும், பிரெட்னிசோலோனையும் பல இயந்திரங்கள் அப்படியே குழப்பிக்கொள்ளும். ரத்தம் எடுத்த கையோடு, ஆய்வகத்து வாசலிலேயே, அன்றைய மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு இட்லியும் கையோடு கொண்டுபோங்கள்.